ஜூன் 19: விடுதலைச் செய்தி கால்வெஸ்டனுக்கு வர ஏன் இரண்டரை வருஷம்?

வாசு (சுகர் லேண்ட்)

எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் வந்து பதினோரு வருஷம் ஆகுது. அடிமைகள் விடுதலையை நினைவுகூரும் ஜூன் 19, அமெரிக்காவில் தேசிய விடுமுறையானது 2021-ல். எனக்கு அது ஆபீஸ் லீவு, அவ்வளவுதான். இந்த வருஷம் எதிர்வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், "ஒரு தடவையாவது கால்வெஸ்டனுக்கு வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். குடும்பத்தோடு போனோம்.

டெக்சாஸின் கடற்கரை ஊர். ஸ்ட்ராண்ட் என்கிற பழைய வணிகத் தெருவில் ஒரு கட்டடத்தின் பக்கச்சுவர் முழுக்கப் பிரம்மாண்டமான ஓவியம். வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ல், வடக்குப் படையின் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சரின் தலைமையகம் அந்த முனையில்தான் இருந்ததாம். அந்த வருஷம் ஜூன் 19 அன்று அவர் போட்டதுதான் மூன்றாம் எண் பொது ஆணை: டெக்சாஸில் உள்ள அடிமைகள் அத்தனை பேருக்கும் விடுதலை. அப்போது இந்த மாநிலத்தில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் பேர் அடிமைகளாக இருந்திருக்கிறார்கள். ரீடி சேப்பல் என்கிற தேவாலயத்துக்கு ஊர்வலம் போனது. பெரியவர் எங்களுக்குச் சிவப்பு சோடா வாங்கிக் கொடுத்தார். இந்த நாளில் சாப்பிடுவது, குடிப்பது எல்லாம் சிவப்பாக இருப்பது வழக்கமாம். சோடா, தர்பூசணி, செம்பருத்தி ஊறவைத்த தண்ணீர்.

அந்த ஆணையை வாசித்துக் கேட்டபோதுதான் எனக்கு என்னவோ செய்தது. எஜமானர்களுக்கும் முன்னாள் அடிமைகளுக்கும் இடையே முழுச் சமத்துவம் என்று கம்பீரமாகத் தொடங்குகிறது. அடுத்த வரிகளை நான் கேள்விப்பட்டதே இல்லை. விடுதலையானவர்கள் இப்போது இருக்கிற இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யணும், ராணுவ முகாம்களில் வந்து கூடக்கூடாது, சும்மா இருந்து சாப்பிட யாரையும் அனுமதிக்க மாட்டோம். பிறந்ததிலிருந்து ஒரு காசு கூலி வாங்காமல் உழைத்தவர்களிடம் சொன்ன வார்த்தை இது. ஒன்பதாவது படிக்கிற என் மகள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள்.

அடிமைகளுக்கு விடுதலை என்று ஜனாதிபதி லிங்கன் போட்ட ஆணை 1863 ஜனவரி 1. இது 1865 ஜூன். நடுவில் இரண்டரை வருஷம் அவர்களுக்கு விஷயமே தெரியாதா, தெரிந்தும் நடக்கவில்லையா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்

வாசு சார், லிங்கன் ஆணையைப் பற்றியே நாம கொஞ்சம் பெருசா நினைச்சுக்கிட்டு இருக்கோம்னு எனக்குத் தோணுது. 1862 ஆகஸ்டில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு லிங்கன் எழுதின கடிதத்தில், ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தை, அதாவது நாடு உடையாமல், காப்பாற்ற முடிஞ்சா அதையே செய்வேன்னு எழுதியிருக்கார். ஆணையும் பிரிஞ்சுபோன தென்மாநிலங்களில், அவர் சொல் செல்லாத கலகப் பகுதிகளுக்கு மட்டும்தான். கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் நாலும் அவர் பக்கம் நின்ன அடிமை மாநிலங்கள். அங்கே ஆணை கிடையாது.

எங்க தாத்தா ஊர் கோவில்பட்டி. பருத்திதான் பிழைப்பு. அமெரிக்கப் போரில் தென் துறைமுகங்களை அடைச்சதும் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வராமல் போய், இந்தியப் பருத்தி விலை எங்கேயோ ஏறிப்போச்சு. 1865-ல் போர் முடிஞ்சதும் விலை சரிஞ்சது, வாங்கி அடுக்கினவன் கதை முடிஞ்சது. பருத்திக்கும் பணத்துக்கும் நடந்த சண்டைன்னுதான் நான் பார்க்கிறேன். அடிமை ஒழிப்பு பிறகு ஒட்டவைத்த காரணம்.

பழையஏடு

கரிசல், நீங்கள் சொன்ன கடிதமும் உண்மை, நாலு மாநிலமும் உண்மை. முடிவுதான் தப்பு. ஏன் பிரிகிறோம் என்று தென்மாநிலங்களே எழுதிவைத்திருக்கின்றன. 1861 ஜனவரியில் மிசிசிப்பி வெளியிட்ட பிரகடனம், தங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது, உலகத்திலேயே பெரிய பொருட்செல்வம் அதுதான் என்று ஆரம்பத்திலேயே சொல்கிறது. இரண்டு மாதம் கழித்து, பிரிந்த தென்மாநில அரசின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று சவானா நகரில் மேடையேறிப் பேசினார். பருத்தி வேறு, அடிமை வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. 1860 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 39.5 லட்சம் பேர் அடிமைகள். பருத்தி எடுத்த கைகள் அவைதான்.

இன்னொன்று. போர் எதற்காகத் தொடங்கியது என்பது ஒரு கேள்வி. அடிமை முறை எப்படி முடிந்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவதுக்கு விடை வாஷிங்டனில் தொடங்கவில்லை. ஒரு படகில் தொடங்கியது.

1861 மே 23 இரவு. லிங்கன் ஆணைக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் முந்தி. வர்ஜீனியாவில் பிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்சென்ட், ஷெப்பர்ட் மல்லரி என்று மூன்று பேர். தென்படைக்குப் பீரங்கி மேடை கட்ட அவர்களை அனுப்பியிருந்தார் எஜமான். அடுத்து வடக்கு கரோலினாவுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள், பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுப் பிரியணும் என்று தெரிந்ததும், இருட்டில் படகு எடுத்து, ஒன்றியப் படை (வடக்கின் படை) இருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் தென்படை மேஜர் ஒருவர் வெள்ளைக்கொடியோடு வந்து, ஓடிவந்த அடிமைகளைத் திருப்பித் தரவேண்டும் என்ற சட்டத்தைக் காட்டிக் கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலில் வக்கீல். "நீங்கள்தான் தனிநாடு என்கிறீர்களே, அயல்நாட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் போரில் கைப்பற்றிய எதிரிச் சொத்து" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

மனிதரை அப்போதும் சொத்து என்றுதான் சொன்னார், கவனியுங்கள். ஆனாலும் கதவு திறந்துவிட்டது. ஜூலை முடிவதற்குள் 900 பேர் அந்தக் கோட்டையை ஒட்டி வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆண், பெண், கைக்குழந்தை எல்லாம். வந்தவர்களை என்ன செய்வது என்று தெரியாமல்தான் நாடாளுமன்றம் ஒவ்வொரு சட்டமாகப் போட்டது. கடைசியில் ஒன்றியப் படையில் சேர்ந்த கறுப்பின வீரர்கள் மட்டும் சுமார் 1,80,000.

மன்ரோ கோட்டை நிற்கிற அதே முனையில்தான் 1619 ஆகஸ்டில் ஆங்கிலேய வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இருபது பேருக்குச் சற்றே கூடுதல். நான் அந்தக் கரையில் நின்றிருக்கிறேன். அங்கே நின்றபோது என்னால் பேச முடியவில்லை.

செல்வி டீச்சர், பாளை

பழையஏடு அண்ணே, மூணு பேர் பேரையும் நோட்டில் எழுதி வச்சுக்கிட்டேன். பதினாறு வருஷமா வரலாறு எடுக்கேன். "ஆபிரகாம் லிங்கன் அடிமை முறையை ஒழித்தார்" என்று ஒரே வரியில் சொல்லிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போயிருக்கேன். பிள்ளைகளுக்குச் சட்டை போட்டுவிட்ட மாதிரி ஒருத்தர் வந்து விடுதலையைப் போட்டுவிட்டார்னு நினைக்க வச்சிருக்கேன்னு இப்ப தோணுது.

ஒரு சந்தேகம். எங்க சி.எஸ்.ஐ. கோயிலில் டிசம்பர் 31 ராத்திரி விழிப்பு ஆராதனை நடக்கும். அமெரிக்காவில் கறுப்பின சபைகளிலும் அது உண்டு, அதுக்கும் விடுதலைக்கும் தொடர்பு இருக்குன்னு எங்க பாஸ்டரம்மா சொன்னாங்க. உண்மையா?

பழையஏடு

வழக்கம் பழசு டீச்சர். 18-ம் நூற்றாண்டிலேயே மொராவியர், மெதடிஸ்டுகள் என்கிற கிறிஸ்தவப் பிரிவினரிடம் இருந்தது. உங்கள் கோயிலுக்கு வந்ததும் அந்த வேரிலிருந்துதான் இருக்கும். ஆனால் 1862 டிசம்பர் 31 இரவு, மறுநாள் ஆணை வருமா வராதா என்று கறுப்பின மக்கள் தேவாலயங்களில் விடியவிடியக் காத்திருந்தார்கள். அதிலிருந்து அவர்களுக்கு அந்த இரவின் அர்த்தமே வேறு. ஜனவரி 1 அன்று பாஸ்டனில், அடிமையாகப் பிறந்து தப்பிவந்து விடுதலைக்குப் போராடிய பிரெடரிக் டக்ளஸும் கூட்டத்தோடு கூட்டமாகத் தந்திக்காக உட்கார்ந்திருந்தார். செய்தி வந்தது இரவு வெகுநேரம் கழித்து.

வாசுவின் கேள்விக்கும் சேர்த்து: டெக்சாஸில் பலருக்குத் தெரியும். காதோடு காதாகச் செய்தி போய்க்கொண்டுதான் இருந்தது. வடக்கின் படை அங்கே பெரிதாக நுழையாததால், மற்ற மாநில எஜமானர்கள் தங்கள் அடிமைகளை ஓட்டிக்கொண்டு டெக்சாஸுக்கு வந்து ஒளித்தார்கள். ஆணை காகிதத்தில் இருந்தது, அதை நடத்திவைக்க ஆள் இல்லை. 1865 ஜூனில் கிரேஞ்சரோடு வந்து இறங்கியது படை. அந்த ஆணையும் எல்லாரையும் தொடவில்லை. கென்டக்கியிலும் டெலவேரிலும் 1865 டிசம்பரில், அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்பின் 13-வது திருத்தம் நிறைவேறிய பிறகுதான் அடிமை முறை சட்டப்படி முடிந்தது. டெலவேர் அதற்கு ஒப்புதல் கொடுத்தது 1901-ல். கென்டக்கி 1976-ல். மிசிசிப்பி 1995-ல்.

கரிசல்காட்டான்

1995-ஆ? நான் காலேஜ் முடிச்ச வருஷம்.

வாசு (சுகர் லேண்ட்)

13-வது திருத்தம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆகணும். நான் வசிக்கிற ஊரின் பெயரே சர்க்கரை. தமிழர், தெலுங்கர், குஜராத்தியர் என்று நம்ம ஆட்கள் நிறைய இருக்கிற ஊர். இந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான் பல வருஷம் கேட்கவே இல்லை.

2018 பிப்ரவரியில் இங்கே ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு மண் தோண்டியபோது எலும்பு கிடைத்தது. தோண்டத் தோண்ட 95 பேர். எல்லாரும் கறுப்பினத்தவர். அடிமை முறை ஒழிந்த பிறகு புதைக்கப்பட்டவர்கள். 13-வது திருத்தத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: குற்றத்துக்கான தண்டனையாக இருந்தால் கட்டாய உழைப்பு செல்லும். இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு, வேலையில்லாமல் திரிந்தான், அற்பத் திருட்டு என்று ஆட்களைப் பிடித்து, கைதிகளைக் கரும்புத் தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்டது மாநிலம். விலை கொடுத்து வாங்கிய அடிமை செத்தால் எஜமானுக்கு முதல் போகும். குத்தகைக் கைதி செத்தால் அடுத்தவன் வருவான். அந்த 95 பேரில் வயது குறைந்தவனுக்கு 14 இருக்கும் என்கிறார்கள்.

ரெஜினால்ட் மூர் என்று ஒருவர், முன்பு சிறைக்காவலராக இருந்தவர். இங்கே கல்லறை இருக்கிறது, தோண்டாதீர்கள், தேடிப்பாருங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். எலும்பு வெளியே வந்த பிறகுதான் ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. 2020-ல் இறந்துவிட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. பார்த்திருக்கணும்.

அந்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் மகளைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன்.

நேட்டால்பேரன் (டர்பன்)

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும், பாட்டியிடம் கேட்டுக் கற்றது.

இந்தக் கதையில் நம் மக்களும் ஒரு பக்கமாக வருகிறார்கள். பிரிட்டிஷ் அரசு தன் காலனிகளில் 1834-ல் அடிமை முறையை நிறுத்தியபோது இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு இல்லை, எஜமானர்களுக்கு. பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். மொரீஷியஸுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். அந்த வழியில்தான் 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து நின்றது. என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா அதற்குப் பிறகு ஒரு கப்பலில் வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து வந்தார்.

கரிசல்காட்டான்

தம்பி, அப்ப அதுவும் அடிமைத்தனம்தானே? பேரை மாத்திட்டாங்க, அவ்வளவுதான்.

நேட்டால்பேரன் (டர்பன்)

அண்ணா, என் வீட்டுப் பெரியவர்கள் சவுக்கடி வாங்கியிருக்கிறார்கள், கூலி பிடித்தம் ஆகியிருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் இரண்டும் ஒன்று என்று சொல்ல என் வாய் வராது. காரணம் ஒரு காகிதம்.

கப்பல் பதிவேட்டில் எங்கள் ஆளின் வரியை நான் பார்த்திருக்கிறேன். எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா. ஐந்து வருஷ ஒப்பந்தம். எண்ணாகத்தான் நடத்தினார்கள், ஆனால் பெயர் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு போன வருஷம் குடியாத்தம் பக்கம் ஒரு ஊருக்குப் போய் மாரியம்மன் கோவில் வாசலில் நின்றேன். அமெரிக்காவில் 1860-ல் எடுத்த அடிமைக் கணக்கைப் பாருங்கள். எஜமான் பெயர் மட்டும் இருக்கும். கீழே வரிவரியாக வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயரே கிடையாது. ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. அவர்களுக்குப் பிள்ளையும் பிறக்கும்போதே அடிமை.

பழையஏடு

தம்பி சொன்னது ரொம்ப முக்கியம். விடுதலையானவர்கள் குடும்பம் குடும்பமாகப் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். தங்கள் வம்சத்தைத் தேடுகிறவர்கள் அந்த வருஷத்தில் போய் முட்டிக்கொள்வார்கள். அதற்கு முன்னால் போகணும் என்றால் விற்பனைச் சீட்டு, உயில், எஜமான் வீட்டுக் கணக்குப் புத்தகம் என்று தேடணும். பாட்டனைத் தேட அவரை விற்ற ரசீதைத்தான் புரட்டணும்.

இதோடு சேர்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வரலாற்றிலேயே மனசை விட்டுப் போகாத பகுதி இது. விடுதலையானதும் பெருங்கூட்டம் நடக்கத் தொடங்கியது. வேலை தேடி மட்டும் இல்லை, ஆள் தேடி. அம்மாவை ஒரு மாநிலத்தில் விற்றிருப்பார்கள், அண்ணனை இன்னொன்றில். நியூ ஆர்லியன்ஸில் மெதடிஸ்டுகள் நடத்திய சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட் என்ற வாரப் பத்திரிகையில் 1870-களின் பிற்பகுதியிலிருந்து "தொலைந்த உறவுகள்" என்று ஒரு பத்தி வந்தது. சந்தாதாரருக்கு இலவசம், மற்றவருக்கு ஐம்பது சென்ட். அதைப் போதகர்கள் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையிலிருந்து சத்தமாக வாசித்தார்கள், ஏனென்றால் சபையில் பலருக்கும் எழுத்து தெரியாது. அம்மா பெயர் இது, எங்கள் எஜமான் பெயர் இது, இன்ன வருஷம் இன்ன வியாபாரி எங்களைப் பிரித்து விற்றான், எனக்கு அப்போது இத்தனை வயது, இப்போது நான் இன்ன ஊரில் இருக்கிறேன். இப்படித்தான் எல்லாக் கடிதமும் போகும். அழுகை, புலம்பல் ஒரு வரி இருக்காது, தகவல் மட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்தப் பத்தி வந்துகொண்டிருந்தது. அதாவது, விடுதலைக்கு நாற்பது வருஷம் ஆன பிறகும் தேடிக்கொண்டிருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் காப்பகம் ஒன்று 2,500-க்கும் மேற்பட்ட அந்த விளம்பரங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வாசித்தேன். யார் கண்டுபிடித்தார்கள், யார் கண்டுபிடிக்கவில்லை என்று பெரும்பாலானவற்றில் தெரியாது.

தாளம்

இழையைத் தொடர்ந்து வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் மிருதங்கக்காரன். காகிதத்தில் பெயர் இல்லாதவர்கள் எதில் தங்களைப் பதிவு செய்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

1739-ல் தெற்கு கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்து, கொடி பிடித்து, முரசு கொட்டிக்கொண்டு நடந்தார்கள். அடக்கிய பிறகு 1740-ல் வந்த சட்டம் இரண்டைத் தடுத்தது: எழுதக் கற்றுத்தருவதை, முரசு வைத்திருப்பதை. முரசு செய்தி சொல்லும் என்று எஜமானர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாத்தியத்தைப் பிடுங்கினதும் அவர்கள் தொடையிலும் நெஞ்சிலும் தட்டினார்கள். தரையில் காலால் கொட்டினார்கள். வட்டமாகச் சுற்றி, பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நகர்ந்து பாடுகிற ஒரு வழிபாட்டு ஆட்டம் ஜார்ஜியாக் கரையில் இன்றும் இருக்கிறது. ஒருவர் கோலால் பலகையில் தாளம் போடுவார். கை ஒரு கணக்கு, கால் ஒரு கணக்கு, பாட்டு ஒரு கணக்கு. முதல் தடவை கேட்டபோது என் விரல் தானாக மடியில் தட்டியது. ஜாஸ், புளூஸ், காஸ்பெல் எல்லாவற்றுக்கும் கீழே இந்தக் காலடிச் சத்தம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு செய்தி. தெற்கு கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் கல்லா, கீச்சி என்று அழைக்கப்படும் மக்கள் வாழ்கிறார்கள். நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் என்பதால் மேற்கு ஆப்பிரிக்க நெல் நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 1930-களில் லோரென்சோ டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் ஊரில் அமேலியா டாலி என்ற பெண்மணி பாடிய ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அம்மாவிடமிருந்து கற்ற பாட்டு. அர்த்தம் அவருக்குத் தெரியாது. சியரா லியோனிலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர் கேட்டுவிட்டு, இது எங்கள் மெண்டே மொழி என்றார்.

அரை நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்கள் சிலர் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு சியரா லியோனில் ஊர் ஊராகப் போனார்கள். செனேஹுன் ங்கோலா என்ற சின்னக் கிராமத்தில் பைண்டு ஜபாத்தி என்ற பெண் கேட்டதும் கூடவே பாடத் தொடங்கிவிட்டார். சாவு வீட்டில் பெண்கள் பாடும் பாட்டு. அவருடைய பாட்டி, இதை மறக்காதே, என்றாவது பிரிந்துபோன உறவை இது கொண்டுவந்து சேர்க்கும் என்று சொல்லிக் கொடுத்தாராம். அங்கே உள்நாட்டுப் போர், அதனால் தாமதமாகி 1997-ல் அமேலியாவின் மகள் மேரி மோரன் கடல் கடந்து அந்தக் கிராமத்துக்குப் போனார். இரண்டு பெண்களும் சேர்ந்து பாடினார்கள். இருநூறு வருஷ இடைவெளியில், அர்த்தம் போன பிறகும் சொல் நிலைத்திருக்கிறது. நம் ஒப்பாரியை, அர்த்தம் தெரியாத பேத்தி ஒருத்தி ஏதோ ஒரு தீவில் ஒரு எழுத்து மாறாமல் பாடுவதாக நினைத்துப் பாருங்கள்.

அந்த ஹாரிஸ் நெக் மக்களின் நிலத்தை 1942-ல் விமானத்தளத்துக்கென்று அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது பறவைகள் சரணாலயம். நிலம் அவர்களுக்குத் திரும்பவில்லை.

நேட்டால்பேரன் (டர்பன்)

தாளம் அண்ணா, நன்றி. பாட்டி இறந்தபோது எங்கள் வீட்டில் ஒப்பாரி பாட ஒருவருக்கும் தெரியவில்லை.

வாசு (சுகர் லேண்ட்)

சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டில் புதுவருஷத்தன்று தட்டப்பயறும் சோறும் சேர்த்து வேகவைத்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும். வெண்டைக்காய் போட்ட குழம்பு இன்னொன்று. அந்தக் குழம்பின் பெயரான கம்போ, ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காய்க்கு உள்ள பெயரிலிருந்தே வந்ததாம். என் மனைவி முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, "நம்ம ஊர் வெண்டைக்காய்தான், கொழகொழப்பை மட்டும் எடுக்காம விட்டிருக்காங்க" என்றாள். பெரியவர் வீட்டம்மா, "எடுக்கவே கூடாது, குழம்பைச் சேர்த்துப் பிடிக்கிறதே அதுதான்" என்றார்.

கரிசல்காட்டான்

நான் முதலில் சொன்னதைப் பாதி திரும்ப எடுத்துக்கறேன். காரணம் ஒட்டவைத்ததுன்னு சொன்னது தப்பு. மிசிசிப்பி பிரகடனத்தைத் தேடி வாசிச்சேன். ஆனா ஒரு கேள்வி நிக்குது. 160 வருஷம் ஆச்சு. ஏழு தலைமுறை. இன்னமும் அதைப் பேசித்தான் ஆகணுமா? எங்க ஊரிலும் எவ்வளவோ நடந்திருக்கு.

பழையஏடு

கணக்கு முடிக்கப்படவில்லை என்பதுதான் காரணம், கரிசல். 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது ஆளுக்கு 300 டாலர் வரை நஷ்டஈடு கொடுத்தார்கள். வாங்கியது எஜமானர்கள். 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக்கொடுக்க ஆணை போட்டார். மக்கள் உழுது விதைத்தும் விட்டார்கள். லிங்கன் கொல்லப்பட்ட பிறகு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே வருஷத்தில் நிலத்தைப் பழைய சொந்தக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நாஷ்வில்லில் கேலி ஹவுஸ் என்ற பெண்மணி, அடிமையாகப் பிறந்து துணி துவைத்துப் பிழைத்தவர், முதியவர்களுக்கு ஓய்வூதியம் கேட்டு ஒரு பெரிய சங்கத்தையே கட்டினார். அரசு அவர்மேல் தபால் மோசடி வழக்குப் போட்டு 1917-ல் சிறையில் வைத்தது.

ஏழு தலைமுறை என்கிறீர்கள். அடிமையாகப் பிறந்தவர்களிடம் 1936 முதல் 1938 வரை அரசே ஆள் அனுப்பி வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்தது. 2,300-க்கும் மேல். சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண்ணிடம், என் எஜமான் நல்லவர் என்றார். கறுப்பின ஆண் ஒருவரிடம் பேசியபோது, பிள்ளைகளைப் பிடுங்கி விற்றபோது தாய்மார் அலறிய அலறலைச் சொன்னார். ஒரே கிழவி. அந்த முதியவர்களின் மடியில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

செல்வி டீச்சர், பாளை

ரெண்டு வாரம் கழிச்சு எழுதுறேன். பழையஏடு அண்ணன் தனிச்செய்தியில் எனக்கு ஒரு கடிதத்தைப் பற்றிச் சொன்னார். அதைத் தமிழில் எழுதிக்கிட்டுப் போய் ஒன்பதாம் வகுப்பில் வாசிச்சேன்.

ஜோர்டன் ஆண்டர்சன் என்பவர் 1865 ஆகஸ்டில் ஓகையோ மாநிலம் டேட்டன் ஊரிலிருந்து, டென்னசியில் இருந்த தன் பழைய எஜமானுக்குச் சொல்லி எழுதவச்ச கடிதம். திரும்பி வா, நல்லபடியா வச்சுக்கறேன்னு எஜமான் எழுதியிருந்தார். இவர் பதில் எழுதுறார். இங்கே எனக்கு மாசம் 25 டாலர் சம்பளம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போறாங்க, என் மனைவி மேண்டியை இங்கே எல்லாரும் திருமதி ஆண்டர்சன்னு கூப்பிடுறாங்க. இந்த வரியை வாசிச்சதும் ஒரு பையன், "இதை ஏன் டீச்சர் எழுதுறார்?" என்றான். நான் பதில் சொல்லல. பின் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை, "அங்கே இருந்தப்ப மரியாதையில்லாம கூப்பிட்டிருப்பாங்க டீச்சர்" என்றது. வகுப்பு அமைதியாயிட்டு. எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் நியாயமா நடப்பீங்கன்னு நாங்க நம்பணும்னா, நான் 32 வருஷம், மேண்டி 20 வருஷம் உழைச்ச கூலியை அனுப்பிவைங்கன்னு கேக்கிறார். எனக்கு மாசம் 25 டாலர், அவளுக்கு வாரம் 2 டாலர். பிள்ளைகளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போட வச்சேன். 9,600. அப்புறம் 2,080. கூட்டினா 11,680 டாலர். கடிதத்திலும் அதே தொகைதான். நீங்க எங்களுக்கு வாங்கித் தந்த துணி, டாக்டர் எனக்கு மூணு தடவை வந்த செலவு, மேண்டிக்குப் பல் பிடுங்கின செலவு, இதைக் கழிச்சுக்கலாம்னு எழுதியிருக்கார். மகள்கள் மானத்தோடு இருக்க முடியுமான்னும் கேட்டிருக்கார். அந்தப் பகுதியை மட்டும் நான் மெதுவா வாசிச்சேன்.

கடைசியில் ஒரு வரி: நீங்க என்னைச் சுட வந்தப்ப உங்க கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாரே ஜார்ஜ் கார்ட்டர், அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்க.

பெல் அடிச்சும் யாரும் எழுந்திரிக்கல. கரும்பலகையில் கணக்குப் போட்ட பிள்ளை சாக்பீஸைக் கையில் வச்சுக்கிட்டே, "அந்தப் பணம் வந்துச்சா டீச்சர்?" என்று கேட்டுச்சு.

வரலன்னு சொன்னேன். அவர் திரும்பிப் போகவும் இல்ல, டேட்டனிலேயே இருந்து 1907-ல் இறந்தார்னு சொன்னேன். அந்தப் பிள்ளை கொஞ்சநேரம் நின்னுட்டு, கணக்கை அழிக்காமலே போய் உட்கார்ந்துட்டு. அடுத்து வந்த கணக்கு சார் அழிக்கிற வரைக்கும் அது அங்கேயே இருந்துச்சு.